பக்கவாத மறுவாழ்வு மையத்தில் நான்கு மாதம்: ஒரு கணக்குப்பிள்ளையின் ரிவ்யூ

முதலில் ஸ்டாரைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. கூகுளில் அந்த மையத்துக்கு எல்லாரும் ஐந்து போட்டிருக்கிறார்கள், "அப்பா நடந்துவிட்டார், மிக்க நன்றி" என்று இரண்டு வரியோடு. பொய் இல்லை, என்னையும் நடக்க வைத்தார்கள். ஆனால் போட்டவர்கள் எல்லாம் மகன், மகள், மருமகன். படுத்தவன் எழுதியது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அதனால் படுத்தவன் எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை, கோவையில் இருக்கிற ஒரு தனியார் மையம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 48 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 21 வருடமாக அக்கவுண்ட்ஸ். பி.பி. மாத்திரையை "இப்பத்தான் நல்லா இருக்கே" என்று நானே நிறுத்திய மேதாவிகளில் ஒருவன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று குனிந்தால் வலது கை தரையைத் தடவிக்கொண்டே இருக்கிறது, பிரஷ்ஷைப் பிடிக்கவில்லை, ஏதோ வேறு யாருடைய கையோ மாதிரி. "ஏனுங்க, என்னாச்சு?" என்று மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொன்னேன், அதாவது சொன்னதாக நினைத்தேன்; அவள் காதில் விழுந்தது வாயில் உமி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம்தானாம். பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்ததால் நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. அந்த நேரம் தாண்டினால் பொதுவாக அந்த ஊசிக்கு வழியில்லை. வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்பது நாளில் டிஸ்சார்ஜ். சீட்டில் பிசியோ, ஸ்பீச் தெரபி என்று எழுதியிருந்தது. மனசு என்று ஒரு சொல் அதில் இல்லை, அப்போது எனக்கும் அது தோன்றவில்லை. அங்கிருந்து நேராக இந்த மையம். ஆறு வாரம் தங்கி, அப்புறம் வாரம் மூன்று நாள் திருப்பூரிலிருந்து போய்வந்து, மொத்தம் நான்கு மாதம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிட்டது, மறுவாழ்வுக்கு ஒரு பைசா வரவில்லை.

நல்லதைச் சொல்கிறேன். பிசியோ பிரமாதம். இடம் சுத்தம், கக்கூஸில் பிடிமானக் கம்பி சரியான உயரத்தில் இருக்கும் (இதை நக்கலாகச் சொல்லவில்லை, ஒற்றைக் கையோடு ஒருநாள் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், தெரியும்). பிசியோ பார்த்த பெண் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், "சார், இன்னும் பத்தே பத்து" என்று சொல்லி முப்பது எடுக்க வைப்பாள். சாப்பாடு உப்பில்லாமல் இருக்கும், அது நியாயம்தான். கூட இருப்பவர்களுக்குப் போடுகிற கட்டில்தான் கட்டிலே இல்லை, ஆறு வாரமும் மனைவி முதுகு வலியோடு கிடந்தாள். பார்க்கிங் கிடையாது.

ஸ்பீச் தெரபியும் நல்லது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிழைப்பே அதில்தான் இருந்தது. மூளையின் இடது பக்கம் அடி. வலது கை கால் போனதோடு பேச்சும் தடுமாறியது, அதிலும் குறிப்பாக எண்கள். 70 என்று எழுதிக் காட்டினால் எனக்குப் புரியும், கால்குலேட்டரில் சரியாக அடிப்பேன், வாயைத் திறந்தால் "பதினேழு" என்று வரும். தப்பு என்று என் காதுக்கே தெரியும். மறுபடி சொன்னால் மறுபடியும் பதினேழு. தமிழில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி, நல்லா இருக்கிறவனே அவசரத்தில் குழம்புவான், என்னிடம் அந்த மூன்றும் இஷ்டத்துக்கு இடம் மாறி வந்தன. இருபத்தோரு வருடம் எண்களை வைத்துச் சோறு தின்றவனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கால் இழுத்தது எனக்கு அவமானமாக இல்லை. இதுதான் அவமானமாக இருந்தது.

இப்போது குறைக்கு வருகிறேன்.

சேரும்போது கொடுத்த பிரசுரத்தில் "உளவியல் ஆலோசனை" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஆறு வாரத்தில் ஆலோசகர் அம்மா வந்தது ஒரே ஒரு தடவை. பன்னிரண்டு பேரை வட்டமாக உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார், ஒரு வீடியோ போட்டார், "பாசிட்டிவா இருங்க" என்றார். அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேருக்குப் பேச்சே வராது. வட்டத்தில் உட்கார வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள், சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் கட்டில் தலைமாட்டில் தினமும் எழுதுகிற சார்ட் ஒன்று தொங்கும். பி.பி., சர்க்கரை, எத்தனை அடி நடந்தேன், கைப்பிடி எத்தனை கிலோ. என் கைப்பிடி 4 கிலோவிலிருந்து 17 கிலோவுக்கு ஏறியது, நர்ஸ்கள் கை தட்டினார்கள். அதே நாட்களில் நான் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சோறு மண் மாதிரி இருந்தது. மகளின் காலேஜ் ஃபீஸ், வீட்டு லோன், இவர்களுக்கு நான் இனி ஒரு சுமை, இதே மூன்று வண்டியும் வரிசையாக ஓடும், நான்காவது வண்டி கிடையாது. தூக்கம் வரவில்லை என்று சொன்னால் "நல்லா எக்சர்சைஸ் பண்ணுங்க சார், தானா வரும்" என்றாள் அந்தப் பிசியோ பெண். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அது அவள் வேலை இல்லை. யாருடைய வேலையும் இல்லை என்பதுதான் என் புகார்.

இன்னொன்று அழுகை. முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "எப்படி இருக்கீங்க?" என்றதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, நிறுத்தவே முடியவில்லை, சத்தமாக, மூக்கு ஒழுக. உள்ளே எனக்கு அப்படி ஒரு துக்கமே இல்லை, அவரைப் பார்த்ததில் சந்தோஷம்தான்! பிற்பாடுதான் தெரிந்தது, பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகைக்கும் சிரிப்புக்கும் இருக்கிற பிரேக்கே பழுதாகிவிடும், சம்பந்தமில்லாத இடத்தில் பீறிட்டுக் கிளம்பும், அது மூளையில் பட்ட அடியின் அறிகுறி, அதற்கு மாத்திரையும் உண்டு என்று. இதை முதல் வாரமே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்காததால் என்ன ஆனது என்றால், முதலாளி ஆபீஸ் போய் "அவர் மனசொடைஞ்சு போயிட்டார், இனி அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு ஆபீஸிலிருந்து ஒரு போன் வரவில்லை. அவர்கள் இரக்கப்பட்டு விலகினார்கள், நான் என்னைக் கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று படுத்துக் கிடந்தேன்.

மூன்றரை ஸ்டாரில் ஒரு முழு ஸ்டார் ஒரே ஆளுக்கு. ஓ.டி. பார்த்த பெண். திருப்பூர்க்காரனுக்கு ஓ.டி. என்றால் ஓவர்டைம், அதனால் "நாளைக்கு உங்களுக்கு ஓ.டி. இருக்கு" என்று நர்ஸ் சொன்னபோது படுத்திருக்கிறவனுக்கு என்னடா ஓவர்டைம் என்று சிரித்தேன். ஆக்குபேஷனல் தெரபி. சட்டைப் பட்டன் போடுவது, மீசை கத்தரிப்பது, பாத்திரம் பிடிப்பது என்று அன்றாட வேலைகளைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிற சிகிச்சை. எல்லாரும் கையைத் தூக்கு, காலை நீட்டு என்றபோது இந்தப் பெண் மட்டும் நோட்டை எடுத்து உட்கார்ந்து, "அண்ணா, சனிக்கிழமை ஆபீஸ்ல என்னென்ன செய்வீங்க, காலைல இருந்து சொல்லுங்க" என்று கேட்டாள்.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளம். எங்களிடம் 140 பேர், சிலர் ஷிப்ட் கணக்கு, சிலர் பீஸ் ரேட், அட்வான்ஸ் கழித்து, ஆளுக்கொரு கவர் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெயர் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்கு இப்போது பேங்கில் போய்விடுகிறது, மீதிப் பேருக்குக் கவர்தான். நான் திக்கித் திணறி இதைச் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. அவசரப்படுத்தவில்லை, என் வார்த்தையை அவள் முடித்து வைக்கவும் இல்லை. அடுத்த நாள் மனைவியிடம் சொல்லிக் கம்பெனிக் கவர் ஒரு கட்டு, ரப்பர் பேண்ட், ஸ்டாம்ப் பேடு எல்லாம் வரவழைத்தாள். நோட்டுக்குப் பதில் அதே அளவில் வெட்டிய தாள். இடது கையால் கட்டைப் பிடித்து வலது கட்டைவிரலால் தள்ள வேண்டும். முதல் நாள் பத்துத் தாளை எண்ண நாலு நிமிடம், அதில் இரண்டு ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது வாரமோ என்னவோ, எண்ணிக்கொண்டே இருந்தவன் கட்டை மேஜையில் வைத்துவிட்டேன். "வேண்டாம்மா, எதுக்கு இதெல்லாம்" என்றேன். அவள் கட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து ஒன்பது கேள்வி கேட்டாள். போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தது, தூக்கம், பசி, அசதி, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்ததா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எனக்கு 16. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லும்போது மனைவி பக்கத்தில் இல்லை என்பதை அவள் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூன்றில் ஒருவர் என்றால் எங்கள் வார்டில் நாலு பேர்! அதற்குக் கேள்வித்தாள் ஒன்பது வரிதான், ஐந்து நிமிட வேலை, ஐந்து காசு செலவில்லை. அதை மையம் ஏன் எல்லாருக்கும் செய்யவில்லை, அந்தப் பெண் தன் சொந்த முயற்சியில் ஏன் செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

வெளியே ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். "சொந்தக்காரங்க கேட்டா பிசியோன்னே சொல்லிக்கலாங்க" என்றாள் மனைவி, சரி என்றேன். மாத்திரை உடனே வேலை செய்யவில்லை, நாலைந்து வாரம் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம், அப்படியே ஆனது. நடுவில் ஒரு ராத்திரி முடியவில்லை. 14416-க்கு அடித்தேன். டெலிமானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிற அரசு சேவை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழில் பேசலாம். எடுத்த பெண்ணிடம் எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்பதைச் சொல்லவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது. "மெதுவாவே சொல்லுங்க, நான் கேட்டுட்டு இருக்கேன்" என்றார். நிஜமாகவே கேட்டுக்கொண்டு இருந்தார். அதற்குத் தனியாக ஐந்து ஸ்டார்.

வேலைக்குத் திரும்பும் கட்டம் வந்தபோது மையம் கொடுத்தது ஒரு வரி சர்டிபிகேட், "பணியில் சேரத் தகுதியானவர்". அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் நீட்டினால் முதலாளி என்ன புரிந்துகொள்வார்? ஒன்று, ஆள் பழையபடி ஆகிவிட்டான், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை உட்காரலாம். இல்லையென்றால், டாக்டர் ஏதோ சொல்கிறார், நமக்கேன் வம்பு. இரண்டுமே தப்பு. மறுபடியும் அந்த ஓ.டி. பெண்தான் தன் கைப்பட ஒரு தாள் எழுதினாள்: முதல் மாதம் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, நடுவில் இருபது நிமிடம் படுக்க இடம், செக்கிங் செக்‌ஷன் சத்தம் கேட்காத மூலையில் மேஜை, போன் எடுக்கும் வேலை வேண்டாம், பண விஷயத்தில் இன்னொருவர் கூட இருந்து சரிபார்க்கட்டும், மாதம் ஒருமுறை பேசி ஏற்றிக்கொள்ளலாம். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "இது போதுமா? இதைச் செய்யறதுல எனக்கென்ன கஷ்டம்?" என்றார். நான்கு மாதமாக நான் பயந்தது இந்த மனுஷனுக்கு.

முதல் நாள் பன்னிரண்டு மணிக்கே அணைந்துவிட்டேன். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது, உடம்பு அசதி என்றும் சொல்ல முடியாது. பழைய போன் ஒன்று நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டே பொசுக்கென்று ஆஃப் ஆகுமே, அது. டேலி என்கிற கணக்கு சாப்ட்வேரில் வவுச்சர் திறந்திருக்கிறது, எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. இந்த அசதி பக்கவாதம் வந்தவர்கள் நிறையப் பேருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே நடக்கறாரு" என்பார்கள்.

அதைவிட மோசம் "ஏண்ணா கஷ்டப்படறீங்க, வீட்ல ரெஸ்ட் எடுங்க". அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது "நீ வேண்டாம்" என்று.

இங்கே ஒரு கிளைக்கதை, உங்களுக்கு உபயோகப்படும். எங்கள் கம்பெனி டெய்லர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) ஃபார்ம் எல்லாம் போடுகிறவன் நான்தான். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தால், அது நீண்டகால நோய்ப் பட்டியலில் வரும், முதலில் 91 நாள் சம்பளத்தில் 70 சதவீதம், அப்புறம் இரண்டு வருடம் வரை 80 சதவீதம் உண்டு. இரண்டு வருடத் தொடர் வேலை, சந்தா கட்டிய நாள் கணக்கு எல்லாம் பார்ப்பார்கள். இது தெரியாமல் ஆள் படுத்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். எனக்குச் சம்பளம் 2017-இல் வைத்த 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் நான் அதில் இல்லை. ஊருக்கெல்லாம் ஃபார்ம் போட்டவனுக்கு ஃபார்ம் இல்லை. அரசு வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் பலமான பிடி உண்டு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். பனியன் கம்பெனிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, எங்களுக்கு முதலாளி மனசுதான் சட்டம்.

காசு இல்லாதவர்கள் என் பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்துவிட்டுப் போகிறார்கள், பி.பி. மாத்திரையும் கையில் வந்துவிடுகிறது. கூடவே 14416-ஐயும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி மையத்தில் யாரையாவது சேர்க்கப் போகிறவர்கள், இயந்திரம் எத்தனை இருக்கிறது என்று கேட்பதோடு, மனநலம் பார்க்கிறவர் வாரத்துக்கு எத்தனை நாள், ஆளைத் தனியாகப் பார்ப்பாரா, பேச்சு வராதவரிடம் எப்படிப் பேசுவார் என்று கேளுங்கள். வேலைக்குப் போகும்போது கம்பெனிக்கு என்ன எழுதிக் கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ரிசப்ஷனில் முழித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

படுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. இப்போது வழக்கமாக மூன்று மணி வரை இருக்கிறேன், வாரம் ஐந்து நாள். சனிக்கிழமைக் கவரை ஜூனியர் தம்பியும் நானுமாகப் போடுகிறோம். போன மாதம்தான் முதல்முறையாக மறுபடி கவுண்டரில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டேன். ஓவர்லாக் அடிக்கிற அக்கா ஒருவர் முறை வந்தது, கவரில் 4,790. வாயில் "நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது" என்று வந்தது. வரிசை அமைதியாகிவிட்டது. அந்த அக்கா கவரைப் பிரித்து, எச்சில் தொட்டு, நிதானமாக எண்ணினார். "வாய் கெடக்குது வுடுங்கண்ணா, கவர் சரியாத்தான் இருக்குது" என்றார். பின்னால் நின்றவன் "அக்கா, கூடச் சொன்னப்பவே வாங்கிட்டு ஓடியிருக்கலாம்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அன்றைக்கு அழுகை வரவில்லை.

போன வாரம் மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், ரிவ்யூ போடச் சொல்லி, "அஞ்சு ஸ்டார் குடுங்க சார்" என்று. சைக்காலஜிஸ்ட் இப்போது வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று கேட்டேன். "கேட்டுட்டு லைன்ல வர்றேன் சார்" என்றாள். இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் மூன்றரைதான்.